நம்மி (தொழிற்சாலை)

நம்மி என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட நியூ யுனைடெட் மோட்டார் மானுஃபாக்சரிங் நிறுவனம், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிரீமாண்ட் நகரில் 1984 முதல் 2010 வரை இயங்கிய தானுந்துத் தொழிற்சாலை ஆகும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் ஜப்பானின் டொயோட்டா நிறுவனமும் இணைந்து இதனை நடத்தின. டொயோட்டா உற்பத்தி முறை ஜப்பானியருக்கு மட்டுமே பொருந்தும் என்று பலரும் கருதிய காலத்தில், அமெரிக்கத் தொழிற்சங்கத்தின் உறுப்பினர்களைக் கொண்டே அம்முறையைச் செயற்படுத்த முடியும் என்பதை இத்தொழிற்சாலை காட்டியது. பின்னாளில் சிக்கன உற்பத்தி என்று பெயர் பெற்ற முறையைப் பற்றிய ஆய்வுகளில் நம்மி தவறாது இடம்பெறுகிறது. அம்முறை தரத்தையும் உற்பத்தித்திறனையும் உயர்த்துகையில் தொழிலாளியின் உடலுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்விக்கும் இங்கு நிகழ்ந்தவையே அடிக்கடி சான்றாகக் காட்டப்படுகின்றன.

முந்தைய தொழிற்சாலை

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் அமைந்த இத்தொழிற்சாலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1963 முதல் 1982 வரை தனியாக நடத்தியது. அந்நிறுவனத்தின் ஆலைகளுள் தரத்திலும் உற்பத்தித்திறனிலும் மிகவும் பின்தங்கியவற்றுள் ஒன்றாக இது அறியப்பட்டது. எந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராதிருப்பது வழமையாக இருந்தது. அந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே தேவைக்கு மேற்பட்ட ஆட்கள் வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தனர். தொழிலாளரின் குறைமுறையீடுகள் தீர்வு காணப்படாமல் ஆயிரக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. முன்னறிவிப்பற்ற வேலைநிறுத்தங்கள் பலமுறை நிகழ்ந்தன. வேலை நேரத்தில் மது அருந்துதல், வேண்டுமென்றே வண்டிகளைப் பழுதாக்குதல் போன்றவற்றை அக்காலத் தொழிலாளர் பலர் பிற்பாடு வெளிப்படையாகவே கூறியுள்ளனர்.

இவற்றைத் தொழிலாளரின் ஒழுக்கக்கேடு என்று கொள்வது எளிது. ஆனால் ஆலையின் எழுதப்படாத முதல் விதியையும் கருத்தில் கொள்ளவேண்டும். பொருத்து வரிசை (அசெம்பிளி லைன்) எக்காரணம் கொண்டும் நிற்கக்கூடாது என்பதே அவ்விதி. ஒரு பாகம் தவறாகப் பொருத்தப்பட்டதைத் தொழிலாளி கண்டாலும் வண்டி அடுத்த இடத்திற்கு நகர்ந்துவிடும். பிழையுடன் வெளிவந்த வண்டிகள் ஆலைக்குப் பின்புறமுள்ள திடலில் நிறுத்தப்பட்டு, மீண்டும் பிரித்துச் சரிசெய்யப்பட்டன. தான் கண்ட பிழையைச் சொல்ல வழியில்லாத இடத்தில் வேலையின் மீது பற்று வளர்வதற்கு வாய்ப்புக் குறைவு. 1982 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது.

கூட்டு நிறுவனத்தின் தோற்றம்

1981-இல் ஜப்பான் அமெரிக்காவிற்கு அனுப்பும் மகிழுந்துகளின் எண்ணிக்கைக்குத் தானே வரம்பு விதித்துக்கொண்டது. எனவே ஜப்பானிய நிறுவனங்கள் அமெரிக்க மண்ணிலேயே உற்பத்தி செய்யும் தேவை எழுந்தது. ஓண்டா 1982-இலும் நிசான் 1983-இலும் அங்கு உற்பத்தியைத் தொடங்கிவிட்டன. டொயோட்டா பின்தங்கியிருந்தது. முன்பின் அறியாத நாட்டில் தன் முறையைச் சோதித்துப் பார்க்க அதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. ஜெனரல் மோட்டார்சுக்கோ சிறிய மகிழுந்துகளை இழப்பின்றி உருவாக்கும் வழி தெரியவில்லை. 1983 பிப்ரவரியில் இரு நிறுவனங்களும் உடன்பாடு செய்துகொண்டன. உலகின் முதன்மையான இரு தானுந்து நிறுவனங்கள் கைகோர்ப்பது போட்டியைக் குலைக்கும் என்று கிரைஸ்லர் நிறுவனம் எதிர்த்தது. எனினும் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1984-இல் நிபந்தனைகளுடன் இசைவு அளித்தது.

ஆலையை அன்றாடம் நடத்தும் பொறுப்பு டொயோட்டாவிடம் விடப்பட்டது. டொயோட்டாவைத் தோற்றுவித்த கீச்சிரோ டொயோடாவின் மகனான தட்சுரோ டொயோடா முதல் தலைவரானார். பழைய தொழிற்சங்கத்தினரை மீண்டும் சேர்த்துக்கொள்ள டொயோட்டா தொடக்கத்தில் தயங்கியது. அமெரிக்காவின் முன்னாள் தொழிலாளர் துறைச் செயலர் வில்லியம் அசரி நடுவராக இருந்து, ஐக்கிய தானுந்துத் தொழிலாளர் சங்கத்துடன் உடன்பாடு காண உதவினார். முடிவில் முதலில் சேர்க்கப்பட்ட தொழிலாளருள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் பழைய ஆலையில் வேலை செய்தவர்களாகவே இருந்தனர். இதுவே நம்மியின் கதையில் மிகவும் முக்கியமான செய்தியாகும். கட்டடமும் சங்கமும் பழையவை. ஆட்களும் பெரும்பாலும் பழையவர்கள். நடத்தும் முறை மட்டுமே புதியது.

குழுத் தலைவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கானோர் ஜப்பானின் டொயோட்டா நகரிலுள்ள தகாவோகா ஆலைக்கு மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். 1984 டிசம்பரில் முதல் வண்டியான செவ்ரோலெட் நோவா வெளிவந்தது. அது டொயோட்டா கொரோலாவைத் தழுவியது. பின்னர் ஜியோ பிரிசம், டொயோட்டா கொரோலா, டக்கோமா சிறு சுமையுந்து, பான்டியாக் வைப் முதலியவையும் இங்கு உருவாயின. பிரிசமும் கொரோலாவும் ஒரே வரிசையில் ஒரே கைகளால் செய்யப்பட்டபோதும் வாங்குவோர் கொரோலாவையே பெரிதும் விரும்பினர் என்பது சந்தையின் விந்தைகளுள் ஒன்று.

பெயர்

நம்மியில் தரப் பொறியாளராகப் பணியாற்றிய ஜான் கிராப்சிக், பின்னர் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். 1988-இல் வெளியான கட்டுரையொன்றில் அவரே இம்முறைக்கு 'லீன்' என்ற அடைமொழியை முதலில் வழங்கினார். வேண்டாத கொழுப்பின்றி மெலிந்த உடலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. 1990-இல் ஜேம்ஸ் வோமாக், டேனியல் ஜோன்ஸ், டேனியல் ரூஸ் ஆகியோர் எழுதிய நூலொன்றின் மூலம் அச்சொல் உலகெங்கும் பரவியது. தமிழில் இதற்கு ஒரே சொல் நிலைபெறவில்லை. இக்கட்டுரை 'சிக்கன உற்பத்தி' என்பதைப் பயன்படுத்துகிறது. சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்ற வேறுபாடு தமிழில் தெளிவாக இருப்பது இங்கு பயன் தரும்.

கயிறும் விளக்கும்

டொயோட்டா முறை இரண்டு தூண்களின் மேல் நிற்பதாகக் கூறுவர். ஒன்று, தேவையான பொருளைத் தேவையான நேரத்தில் தேவையான அளவு மட்டுமே செய்வது. மற்றொன்று, பிழை தோன்றிய உடனே வேலையை நிறுத்துவது. இரண்டாவதன் வேர் நெசவில் உள்ளது. கீச்சிரோவின் தந்தை சகிச்சி டொயோடா, நூல் அறுந்தவுடன் தானாகவே நின்றுவிடும் தறிகளை உருவாக்கினார். அறுந்த நூலுடன் தறி ஓடினால் நெய்வது முழுவதும் வீணாகும். நின்றுவிட்டால் இழப்பு ஓர் இழையோடு போகும். தறி தன்னைத் தானே காவல் காப்பதால் ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளவும் இயன்றது. இவ்விரு கருத்துகளையும் தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் இரண்டாம் உலகப்போருக்குப் பின் டொயோட்டாவின் ஆலைகளில் ஒரு முழுமையான முறையாக வளர்த்தெடுத்தார்.

நம்மியில் பொருத்து வரிசை நெடுகிலும் தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடியது. ஏதேனும் தவறினாலும், குறித்த நேரத்தில் வேலை முடியாது என்று தோன்றினாலும், எந்தத் தொழிலாளியும் அக்கயிற்றை இழுக்கலாம். இழுத்தவுடன் இசை ஒலிக்கும். மேலே தொங்கும் பலகையில் அவ்விடத்தின் எண் ஒளிரும். இப்பலகைக்கு அண்டோன் என்று பெயர். குழுத் தலைவர் விரைந்து வருவார். வண்டி அப்பணியிடத்தின் எல்லையைத் தாண்டுவதற்குள் சிக்கல் தீர்ந்துவிட்டால் மீண்டும் கயிற்றை இழுப்பர். வரிசை நில்லாமல் ஓடும். தீரவில்லையென்றால் மட்டுமே வரிசை நிற்கும். எனவே கயிற்றை இழுப்பது என்பது முதலில் உதவி கோருவதே ஆகும். நிறுத்துவது அதன் இறுதி நிலை. இவ்வேறுபாட்டை அறியாமல் கயிற்றை மட்டும் கட்டிய ஆலைகள் பல உண்டு. ஓடிவர ஆள் இல்லாத இடத்தில் கயிறு அலங்காரப் பொருளாகிவிடும்.

பாதுகாப்பும் தரமும் ஒரே கயிற்றில் இணைவது இவ்விடத்தில்தான். எடுத்துக்காட்டாக, தரையில் எண்ணெய் சிந்தியிருப்பதாகக் கொள்வோம். துடைத்துவிட்டுச் செல்வது வழக்கமான முறை. ஓனோ கற்பித்த முறை, ஏன் என்ற கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது. எண்ணெய் ஏன் சிந்தியது? இயந்திரத்தின் அடைப்பு வளையம் தேய்ந்துவிட்டது. ஏன் விரைவில் தேய்ந்தது? உலோகத் தூள் உட்புகுந்தது. ஏன் புகுந்தது? வடிகட்டி இல்லை. வடிகட்டி பொருத்தினால் ஒருவர் வழுக்கி விழுவதும், பாகத்தின் அளவு பிசகுவதும், இயந்திரம் நிற்பதும் ஒருசேரத் தவிர்க்கப்படுகின்றன. பொருட்களை வகைபிரித்தல், ஒழுங்காக அடுக்குதல், தூய்மை செய்தல், அந்நிலையைப் பேணுதல், அதைப் பழக்கமாக்குதல் என்னும் ஐந்து 'எஸ்' முறைக்கும் இதே அடிப்படைதான். தரை துப்புரவாக இருந்தால்தான் எண்ணெய்க் கசிவு முதல் நாளே கண்ணில் படும்.

வேலையை வரையறுப்பவர் யார்

பழைய ஆலையில் உற்பத்தித் தொழிலாளர் எண்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். நம்மியில் அவர்கள் அனைவரும் ஒரே வகையினர். திறன்தொழில் வினைஞர்கள் இரு வகையினர். ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பணி அமைந்தது. ஒரு குழுவில் உள்ளோர் ஒருவர் வேலையை ஒருவர் கற்று, இடம் மாறி மாறிச் செய்தனர்.

ஒவ்வொரு வேலையும் எந்த வரிசையில், எத்தனை நொடியில், கையருகே எத்தனை பாகங்களை வைத்துச் செய்யப்படவேண்டும் என்பது எழுதி வைக்கப்பட்டது. இதுவும் ஃபிரடெரிக் டெய்லர் காலத்து நேர அளவீட்டு முறைதானே என்று கேட்கலாம். ஆம், அதுவேதான். ஆனால் முன்பு அலுவலகப் பொறியாளர் மறைவில் நின்று தொழிலாளியின் நேரத்தை அளந்தார். இங்கு நிறுத்துக் கடிகாரம் குழுவினரின் கையில் இருந்தது. தம் வேலையைத் தாமே அளந்து, ஒப்பிட்டு, சிறந்த வழியை எழுதி, பின் அதையும் திருத்தினர். 1991-இல் மட்டும் தொழிலாளரிடமிருந்து 10,000-க்கும் மேற்பட்ட யோசனைகள் வந்தன. நம்மியைப் பல்லாண்டுகள் ஆய்வு செய்த பால் ஆட்லர், விதிகள் நிறைந்த அமைப்பும் கற்கும் அமைப்பாக இருக்க முடியும் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டினார்.

தாம் செய்யும் திருத்தத்தால் தமது வேலையே போய்விடும் என்று அஞ்சுபவர் யோசனை சொல்லமாட்டார். இதனை உணர்ந்து, நிறுவனத்தின் நிலைப்பாட்டையே அச்சுறுத்தும் கடும் நெருக்கடி வந்தாலன்றி ஆட்குறைப்புச் செய்வதில்லை என்றும், அவ்வாறு வந்தாலும் முதலில் மேலாளரின் ஊதியம் குறைக்கப்படும் என்றும், வெளியே தரப்பட்ட வேலைகள் உள்ளே கொண்டுவரப்படும் என்றும் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. 1988-இல் நோவாவின் விற்பனை சரிந்து ஆலை தன் கொள்ளளவில் ஏறத்தாழ 60 விழுக்காட்டளவே இயங்கியபோது இவ்வாக்குறுதி சோதனைக்குள்ளாயிற்று. ஒருவரும் நீக்கப்படவில்லை. மிகுதியான தொழிலாளர் பயிற்சிக்கும் பணித்தளத்தைச் சீரமைக்கும் வேலைகளுக்கும் அனுப்பப்பட்டனர். சிக்கன உற்பத்தியின் கருவிகளைப் பட்டியலிடும் நூல்களில் இவ்விதி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. உண்மையில் ஏனைய கருவிகள் அனைத்தும் இதன் மேல்தான் நின்றன.

விளைவுகள்

உற்பத்தி தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் கிராப்சிக்கும் அவருடன் பணியாற்றியோரும் மூன்று ஆலைகளை ஒப்பிட்டனர். மாசச்சூசெட்சில் ஜெனரல் மோட்டார்சின் பிராமிங்காம் ஆலையில் ஒரு வண்டியைப் பொருத்த 31 மணிநேர உழைப்பு தேவைப்பட்டது. தகாவோகாவில் 16 மணிநேரமும் நம்மியில் 19 மணிநேரமும் போதுமானவையாக இருந்தன. 100 வண்டிகளுக்கு பிராமிங்காமில் 135 குறைகளும், தகாவோகா, நம்மி இரண்டிலும் 45 குறைகளும் காணப்பட்டன. பாகங்களின் இருப்பு பிராமிங்காமில் சராசரியாக இரண்டு வாரத்திற்கும், நம்மியில் இரண்டு நாட்களுக்கும், தகாவோகாவில் இரண்டு மணிநேரத்திற்கும் உரியதாக இருந்தது. பாகம் வழங்குவோர் பலர் ஜப்பானிலேயே இருந்ததால் நம்மி இருப்பில் தகாவோகாவை எட்ட இயலவில்லை. ஆனால் தரத்தில் எட்டிவிட்டது. வேலைக்கு வராதோர் அளவு மூன்று நான்கு விழுக்காடாகக் குறைந்தது.

இவை புதிய இயந்திரங்களால் வந்தவையல்ல என்பதும் குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸ் பெரும் பொருட்செலவில் இயந்திர மனிதர்களை நிறுவிய ஆலைகளைவிட நம்மியில் தானியக்கம் குறைவாகவே இருந்தது.

பாதுகாப்பும் 1993-ஆம் ஆண்டு நிகழ்வும்

பழைய ஆலையில் ஒரு தொழிலாளி ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 45 நொடிகளே வேலையில் ஈடுபட்டிருந்தார் என்றும், நம்மியில் அது 57 நொடிகள் என்றும் ஆட்லர் குறிப்பிட்டுள்ளார். மேலாளருக்கு இது திறன். தொழிலாளியின் தோளுக்கும் மணிக்கட்டிற்கும் இது வேறொன்று. வீண் என்று நீக்கப்பட்ட அந்த 12 நொடிகளில் உடல் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது என்பதும் உண்மையே. மைக் பார்க்கர், ஜேன் ஸ்லாட்டர் ஆகியோர் 1988-இல் எழுதிய நூலில் இம்முறையை 'நெருக்கடி வழி மேலாண்மை' என்று சாடினர். எங்கு அறுகிறது என்று காண அமைப்பை இழுத்துக்கொண்டே இருப்பதுதான் இதன் இயல்பு. அறுவது பெரும்பாலும் மனிதராக இருக்கிறார் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

1993-ஆம் ஆண்டு மாதிரி அறிமுகம் இவ்வாதத்திற்கு வலுச் சேர்த்தது. மாதிரி மாறும் காலம் எந்த ஆலைக்கும் கடினமானது. பழகிய அசைவுகள் மாறும்; பாகங்கள் எளிதில் பொருந்தா; அழுத்தியும் வளைந்தும் பொருத்தவேண்டி வரும். எல்லோரும் புதிய வேலையைக் கற்கும் வரை இடம் மாறிச் செய்வது தடைப்பட, ஒரே தசை ஒரே அசைவை நாள் முழுதும் செய்யும். இக்காலத்தில் நம்மியில் உடல் வலியும் காயங்களும் பெரும் சிக்கலாயின. மாதிரி மாற்றத்தின்போது பணிச்சூழலியலுக்குப் போதிய கவனம் செலுத்தப்படவில்லை என்று கலிபோர்னியாவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு 1993-இல் நம்மி மீது விதிமீறல் அறிவிப்பு விடுத்தது.

இந்நிகழ்வை ஆட்லர், பார்பரா கோல்டோஃப்தாஸ், டேவிட் லெவைன் ஆகியோர் விரிவாக ஆராய்ந்து 1997-இல் கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் கண்டது இரு தரப்பிற்கும் முழு வெற்றி தருவதன்று. உபரி நேரமும் உபரி ஆளும் இல்லாத இறுக்கமான அமைப்பில் இடர் மிகுதி என்பதை அவர்கள் ஏற்றனர். அதேவேளை, ஒவ்வொரு மாதிரி அறிமுகத்திற்குப் பின்னும் என்ன தவறியது என்று திரும்பிப் பார்க்கும் வழக்கம் டொயோட்டாவில் உள்ளது. ஜப்பானியர் இதனை ஹன்செய் என்பர். நம்மி அவ்வழக்கத்தைப் பணிச்சூழலியலுக்கும் விரித்தது. இரண்டாண்டுகள் கழித்து நடந்த அடுத்த மாதிரி அறிமுகம் இவ்வகையில் முந்தையதைவிடச் சிறப்பாக அமைந்தது.

எனினும் இம்மாற்றம் தானாக நிகழ்ந்ததாகக் கொள்ள இடமில்லை. வெளியிலிருந்து அரசின் அமைப்பும் உள்ளிருந்து தொழிற்சங்கமும் அழுத்தின. குறிப்பாக, நிர்வாகத்துடன் ஒத்துழைப்பதே போதும் என்ற சங்கப் பிரிவினரோடு மாறுபட்டு நின்ற பிரிவினர் பணிச்சுமையைத் தொடர்ந்து எழுப்பி வந்தனர். பிழையான பாகத்தைக் கண்டு கயிற்றை இழுப்பவருக்கு நன்றி கூறிய அமைப்பு, தோள் வலிக்கிறது என்று கயிற்றை இழுப்பவருக்கும் அதே காதைக் கொடுக்கச் சற்றுக் காலம் பிடித்தது. சிக்கனம் எங்கு கஞ்சத்தனமாகிறது என்பதை நொடிக் கணக்கு மட்டும் காட்டாது. காயப் பதிவேட்டையும் உடன் வைத்துப் படிக்கவேண்டும்.

பரவலும் தடைகளும்

நம்மியில் கற்றதைத் தன் பிற ஆலைகளுக்குக் கொண்டுசெல்வதில் ஜெனரல் மோட்டார்ஸ் நெடுங்காலம் தடுமாறியது. அதே கலிபோர்னியாவில் இருந்த வான் நைஸ் ஆலையில் குழு முறை புகுத்தப்பட்டபோது தொழிற்சங்கம் இரண்டுபட்டது. மேற்பார்வையாளரும் தம் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. அவ்வாலை 1992-இல் மூடப்பட்டது. மாறாக, ஜெர்மனியின் ஐசெனாக் நகரில் ஓப்பல் நிறுவனம் 1992-இல் திறந்த புதிய ஆலை நம்மியின் படிப்பினைகளைத் தொடக்கம் முதலே உள்வாங்கி நன்கு இயங்கியது. நம்மியின் பயிற்சித் திட்டத்தை வகுத்தவர்களுள் ஒருவரான ஜான் ஷூக், மனப்பான்மையை மாற்றி அதன் வழியாகச் செயலை மாற்ற முயல்வது பயன் தராது என்றும், செய்யும் முறையை முதலில் மாற்றினால் மனப்பான்மை பின்தொடரும் என்றும் 2010-இல் எழுதினார். டொயோட்டாவோ இங்கு பெற்ற அனுபவத்துடன் கென்டக்கி மாநிலத்தில் தனக்கே உரிய ஆலையை நிறுவி, 1988-இல் அங்கு உற்பத்தியைத் தொடங்கியது.

மூடல்

2009 சூனில் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் பாதுகாப்புக் கோரியது. அதே மாதத்தில் நம்மியிலிருந்து விலகுவதாகவும் அறிவித்தது. பங்காளி இன்றி ஆலையைத் தொடர்வதில்லை என்று டொயோட்டா முடிவு செய்தது. தொழிலாளரும் கலிபோர்னிய மாநில அரசும் எதிர்ப்பும் வேண்டுகோளும் விடுத்தபோதும் முடிவு மாறவில்லை. ஆட்குறைப்பு இல்லை என்ற பழைய வாக்குறுதி நிறுவனம் இருக்கும் வரைக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று கடைசி வண்டியாக ஒரு கொரோலா வெளியேறியது. ஏறத்தாழ 4,700 பேர் வேலை இழந்தனர்.

ஆலையை மின்தானுந்து நிறுவனமான டெஸ்லா 2010-இல் 4.2 கோடி டாலருக்கு வாங்கியது. 2012 முதல் அங்கு டெஸ்லாவின் வண்டிகள் உருவாகி வருகின்றன. நம்மியின் முன்னாள் தொழிலாளர் சிலர் அங்கு மீண்டும் வேலைக்குச் சேர்ந்தனர். எனினும் டெஸ்லாவின் கீழ் அவ்வாலையில் தொழிற்சங்கம் அமையவில்லை.